நி வரைக்கும்

மூக்கு வழியாக ஒரு கேமராவை இறக்கினார்கள்.
இருபத்தாறு வருஷம் பாடிய தொண்டையை
அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.
ஈரமாய், வெளிறி, இரண்டு கீற்றுகள்,
இளநீர் வழுக்கையைக் கிள்ளிவைத்த மாதிரி.
வலது கீற்று வந்து வந்து தேடுகிறது.
இடது எழுந்திருக்கவே இல்லை.

"தைராய்டை எடுக்கும்போது
நரம்பு கொஞ்சம் சோர்ந்துபோச்சு. சரியாயிடும்."
சரி.
ஸ, ரி.
அந்த இரண்டு ஸ்வரத்துக்கு மேல்
டாக்டரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு இருக்கும், தண்ணீர் இருக்காது.
கோட்டை இருக்கும், ராஜா இருக்க மாட்டார்.
மலை இருக்கும், மரம் இருக்காது.
வேலூரைக் கேலி பேசுவோம் செய்யாற்றில்.
காந்தி ரோட்டுக்குப் பின்சந்தில்
பதினோரு நாள் அறை எடுத்துத் தங்கி
நானும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டேன்.

மெஸ் பலகையில் வங்காள எழுத்து.
மாடிப்படி முழுக்கக் கடுகெண்ணெய்.
வாடகை ஸ்டவ்வுக்கு நாளைக்கு நாற்பது ரூபாய்,
கேஸ் தனி.

கத்திரி வெயிலில் சுவரே தூங்கவில்லை.
விடியுமுன் மொட்டைமாடிக்குப் போய்
போனில் தம்பூராவைப் போட்டேன்.
ஐந்தரைக் கட்டை பாடுகிறவள்
நான்குக்கு இறங்கினேன். மூன்றரைக்கு.
அப்போதும் வந்தது காற்றுதான்,
பங்சரான டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினால் வருமே, அது.

ஸரி ஸரி ஸரிகம.
பேங்கில் கூட்டல் தப்பினால்
முதல் வரிக்குப் போகிற மாதிரி வரிசை இது.
இரண்டு படி ஏறு. எதையோ மறந்தாய், இறங்கு.
இரண்டு படி ஏறு.
பத்து வயதில் அலுத்த பாடம்.
இப்போது யாரோ எனக்காகவே போட்டுவைத்த கைப்பிடி.

ஈரத்துண்டைக் கொடியில் போட வந்தவள்
நின்று கேட்டாள்: "பைரவ்?"
"மாயாமாளவகௌளை" என்றேன்.
அந்தப் பெயரை அவளால் சொல்ல முடியவில்லை,
அன்றைக்கு என்னாலும்.

ஷிப்ரா மொண்டல். பதினாலாம் நம்பர்.
கணவனுக்கு எங்கே என்று நெஞ்சைத் தொட்டாள்.
எனக்கு எங்கே என்று
கழுத்துத் தையலே சொல்லிக்கொண்டது.
அவளுக்குத் தமிழ் "தண்ணி", "எவ்ளோ".
எனக்கு வங்காளம் அதுகூட இல்லை.
ஏழு எழுத்து மட்டும் பொது.
அதிலும் ஒன்று இடறியது:
என் ரி உதட்டை இழுத்து மூடப் பார்க்கும்,
அவள் ரே வாயைத் திறந்துவைத்து
அதே படியில் உட்கார்ந்து
மெதுவாக ஊஞ்சலாடும்.

பகலில் பியூலா மேடத்தின் ஸ்டாப்வாட்ச்.
நாற்காலியை இரு கையாலும் அழுத்திக்கொண்டு
ஆ.
"ஆறு செகண்ட். பதினஞ்சு வரணும், ஜெயப்பிரதா."
திரையில் என் ஸட்ஜம் முள்வேலியாக ஓடியது.

ஐந்தாம் நாள் பஞ்சமம் நின்றது.
எட்டாம் நாள் நி வரைக்கும்.
அதற்கு மேல் வாயைத் திறந்து நின்றேன்.
கொடிக்கு அந்தப் பக்கமிருந்து
மேல் ஸாவை அவள் வைத்தாள்,
சிந்தாமல் ஒரு டம்ளரை வைப்பதுபோல.
ஒன்பதாம் நாளும் அப்படித்தான்.

பத்தாம் நாள் பதினாலாம் அறை வாசலில்
பக்கெட் கவிழ்ந்திருந்தது.
"காட்பாடி. ராத்திரி ஹவுரா வண்டி"
என்றான் லாட்ஜ் பையன் மஸ்தான்.
ரெண்டு பேருமா என்று கேட்டேன்.
கேள்வி கடைசியில் ஏற வேண்டும்.
அந்த ஆ ஏறவில்லை.
ரெண்டு பேரும்
என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு
தலையாட்டிவிட்டு
பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனான்.
இன்னொரு முறை கேட்டிருக்கலாம்.

மறுநாள் கடைசி சிட்டிங்.
ஆ பதினொரு செகண்ட் வந்தது.
"எதாவது பாடிக் காட்டுங்க."
கண்ணை மூடிக்கொண்டேன்.
ஸ
ரே

பேனாவை நிறுத்தி பியூலா நிமிர்ந்தார்.
"ரேயா?"

அந்த ஆ
எவ்வளவு சுலபமாக ஏறியது.